அறுத்தாலும் அணையாது!

கேஷுவாலிட்டி கதவு படாரென்று திறந்தது.

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது.

மேலே வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இடது ஷூவில் நீல நாடா. வலது ஷூவில் மஞ்சள் நாடா!

ட்யூட்டியில் இருந்த நர்ஸின் கையிலிருந்து ட்ரே நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

ஷூவுக்கு ஜோடி நாடா தேடக்கூடச் சோம்பல்படுகிற மனிதன் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான். காலையில்தான் போனில் பேசினான்... சிரித்தான்.

"சிஸ்டர், நீங்க வெளியே போங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார் டாக்டர்.

"சிஸ்டர்தான் டாக்டர்... அவனுக்கும் நான்தான் சிஸ்டர்!"

டாக்டர் துணியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார். பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. உயிர் வழியிலேயே போய்விட்டிருந்தது.

அண்ணன் ஒரு கிறுக்கன்.

ஊர் சொன்ன வார்த்தை அது. ஊரார் வீடு கட்டுகிற வயதில் அவன் விமானம் கட்டினான். சொந்த ஷெட்டில், சொந்தக் கையால், ஒரே ஒரு ஆள் உட்காருகிற குட்டி விமானம்! குழாய்களை வளைத்தான். இறக்கைக்குத் துணியை இழுத்துக் கட்டினான். பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினான். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் தங்கை. ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் சிஸ்டர். ஷெட்டுக்குள் வந்தால் அண்ணனுக்கும் அதே பெயர்தான். டார்ச் பிடித்துப் பிடித்தே அந்த எஞ்சினின் நாடி நரம்பு அத்தனையும் சிஸ்டருக்கு மனப்பாடம்.

ஷெட்டுக்குள் வந்து போகிற ஆட்கள் வேறு இரண்டே பேர்.

ஒருவர், கேப்டன். ஃப்ளையிங் கிளப்பில் பறக்கச் சொல்லிக் கொடுத்தவர். கண் பார்வை மங்கிவிட்டது என்று சொல்லிப் பறப்பதை விட்டவர். அண்ணனுக்கு உயிர் நண்பன்.

இன்னொருவர், சிஸ்டரின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. எஞ்சினைத் தூக்கி மாட்ட சங்கிலியும் கப்பியும் கொண்டுவந்து கொடுத்தவர். உயரம் என்றால் நடுங்குவார். லிஃப்ட்டுக்குள் நின்றால் மட்டும் நடுங்க மாட்டார்.

காலையில் அண்ணன் போனில் சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது.

"கீழே ஓட்டினா ராஜா மாதிரி ஓடுது சிஸ்டர்... மேலே போனா விக்குது! ஒரு செகண்ட் மூச்சு நிக்குது. மறுபடி வருது."

"அப்ப ஏறாதேடா!"

"அட, கேப்டன் கூடவே இருந்து பார்த்துட்டார். பிளக்கை மாத்தியாச்சு. பெட்ரோல் ஃபில்டரை மாத்தியாச்சு. இனிமே விக்காதுன்னு அவரே சொல்லிட்டார்."

கேப்டன் சொன்னது பலித்தது. எஞ்சின் விக்கவில்லை. மரங்களுக்கு மேலே போனதும் ஒரேயடியாக மூச்சை நிறுத்திக்கொண்டது!

*

"பைலட்டோட கவனக்குறைவும்மா. கேஸ் முடிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எஞ்சின் விட்டு விட்டு நின்னிருக்கு சார். என்கிட்ட சொன்னான்."

"வீட்டுல செஞ்ச விமானம்... விட்டு விட்டுத்தான் ஓடும். கடையில வாங்கினதா என்ன?"

சிஸ்டர் அவரை முறைத்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மனுஷன் வெந்து போக முடியுமானால் அங்கே ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சியிருக்கும்.

"யாராவது ஏதாவது செஞ்சிருந்தா?"

"ஆதாரம் கொண்டு வாங்க. கையும் களவுமா பிடிச்சுக் கொடுங்க. நான் உள்ளே தள்றேன்."

கிளம்பி வந்துவிட்டாள்.

மரத்தில் சிக்கி முறிந்த விமானத்தின் முன்பாதியை லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். எஞ்சினுக்குப் பெரிய அடியில்லை. உடைந்த ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, அண்ணன் மிச்சம் வைத்திருந்த இன்னொன்றை மாட்டினாள். முன்பாதியைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கி, பின்னால் தூணோடு சங்கிலியும் போட்டாள். இறக்கை இல்லை, வால் இல்லை. எஞ்சினும் சீட்டும் மட்டும்தான்.

பறப்பதற்கு இல்லை. பேச வைப்பதற்கு!

"ஏம்மா, தூங்கவே மாட்டியா?" என்று கணவர் கேட்டார்.

"நீங்க தூங்குங்க."

"போனவன் போயிட்டான். நீயும் இப்படி உருகினா நான் யாரைப் பார்க்கறது?"

"என்னங்க... வார்டுல ஒருத்தருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வருது. டாக்டர் வரும்போது நூறு கூட இல்லை. போனதும் கொதிக்குது. அவருக்குக் காய்ச்சலே இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"மாட்டேன்..."

"இந்த எஞ்சினுக்கும் அந்தக் காய்ச்சல்தான். வரும்போது பிடிக்கணும்."

பிடிக்கக் கிளம்பினாள்.

முதலில் பிளக். பளிச்சென்று பொறி வந்தது. அடுத்தது பெட்ரோல். தடையில்லாமல் ஓடியது. சூடானால் மட்டும் கோளாறு காட்டுகிற ஜாதியோ என்று, தலை உலர்த்துகிற மெஷினைப் பிடித்து, பொறியை உண்டாக்குகிற காயிலைச் சுட வைத்தாள். காயில் அசையவில்லை. எஞ்சின் ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கீழே ராஜாதானே!

கேப்டன் அடிக்கடி வந்தார். வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்.

"தங்கச்சி, விட்டுடும்மா. பழைய எஞ்சின். அதுக்கு ஆயுசு முடிஞ்சுது."

"எஞ்சினுக்கு முடியலைண்ணே. அண்ணனுக்குத்தான் முடிஞ்சுது."

"கார்புரேட்டரைப் பாரு. அதுல ஈரம் உறைஞ்சிருக்கும்."

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரும்மா."

அவர் சொன்னதற்காக இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகும் ஒரு தடவை பார்த்தாள். கார்புரேட்டரைத் தவிர வேறு எதையும் பார்க்கவிடாமல் ஒரு மனிதர் ஏன் இத்தனை அக்கறை காட்டுகிறார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு ஒரு மத்தியானம்...

எஞ்சினை ஓடவிட்டு, ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்தாள். எஞ்சினுக்கும் பைலட் சீட்டுக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு உண்டு. தகட்டில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ரப்பர் வளையம். வளையத்துக்குள் கம்பிகள். அந்த இடத்தில் தட்டினாள்.

எஞ்சின் விக்கியது!

குச்சியை எடுத்தாள். ஓடியது. வைத்து அமுக்கினாள். செத்தது!

சிஸ்டர் டார்ச்சை எடுத்து உள்ளே குனிந்து பார்த்தாள்.

அது மேக்னெட்டோவின் கம்பி. எஞ்சின் சுற்றும்போது தானும் சுற்றி, பாட்டரியே இல்லாமல் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பெட்டிதான் மேக்னெட்டோ. அதன் வாயை அடைக்க ஒரே வழி, அதிலிருந்து வரும் இந்தக் கம்பியை இரும்பில் தொடவைப்பது. தொட்டால் பொறி சாகும். பைலட் சாவியை 'ஆஃப்'புக்குத் திருப்பினால் உள்ளே நடப்பதும் அதேதான். சாவி திரும்பாமலே கம்பி இரும்பைத் தொட்டாலும் எஞ்சின் சாகும்.

கம்பியின் மேல்தோல் ஒரு விரல் அகலத்துக்கு இல்லை. ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிளந்திருந்தது. மேலே போய் எஞ்சின் உதறினால், வெறுங்கம்பி இரும்பை முத்தமிடும். கீழே மெதுவாக ஓட்டினால் தொடாது.

தானாகத் தேய்ந்ததா?

வெட்டுக் காயத்துக்கும் சிராய்ப்புக்கும் வித்தியாசம் தெரியாத நர்ஸ் உண்டா? சிராய்த்தால் ஓரம் மழுங்கும். எலி கடித்தால் பல் தடம் இருக்கும். இங்கே ஓரம் நேர்க்கோடு.

பிளேடு!

"அடப்பாவி..." என்றாள் வாய்விட்டு. யாரைச் சொல்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. ஷெட்டுக்குள் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணனின் நண்பன். இன்னொருவர் அவள் கழுத்தில் தாலி கட்டியவர்.

*

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள்.

கேப்டனின் கப் உதட்டருகே நின்றது. கணவரின் கப் சாஸரில் கடகடவென்று ஆடியது.

"என்ன... என்னத்தைம்மா?" என்றார் கணவர்.

"எஞ்சின்ல யாரோ கை வெச்சிருக்காங்க. எந்த இடம்னு தெரிஞ்சுபோச்சு. அப்படியே தொடாம வெச்சிருக்கேன். இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டப் போறேன்."

"எந்த இடம் தங்கச்சி?"

"அதை அவர்கிட்டதாண்ணே சொல்வேன்."

கேப்டன் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். கணவர் குடிக்கவே இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் அவரையே பார்த்தாள்.

'கடவுளே, இவராக மட்டும் இருக்கக் கூடாது!'

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம்!

எட்டிப் பார்த்தாள்.

எஞ்சினின் மேல் மூடி கழற்றித் தரையில் கிடந்தது. எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார் ஒருவர். கையில் கட்டிங் பிளையர்.

அவள் கணவர்!

"நீங்களா?"

பிளையர் அவர் காலில் விழுந்தது. "ஐயோ!" என்று துள்ளினார்.

"எங்கண்ணன் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினான்? ஒரே தட்டுல சாப்பிட்டீங்களே... கொன்னுட்டீங்களே பாவி!"

மூலையிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கிவிட்டாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்காதம்மா! நான் எதுக்கு அவனைக் கொல்லணும்? இந்தச் சனியன் பிடிச்ச எஞ்சினைத்தான் கொன்னேன்!"

"என்ன உளர்றீங்க?"

"நீ சோறு தின்ன மாட்டேங்கற. தூங்க மாட்டேங்கற. எப்பப் பார்த்தாலும் இதை ஓட்டி ஓட்டிப் பார்க்கற. நேத்து நீ கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னப்பவே எனக்கு வியர்த்துடுச்சு. இது உங்கண்ணனை முழுங்கிடுச்சு, அடுத்தது உன்னைன்னு பயந்துட்டேன். அதான் கம்பியை அறுத்துட்டேன். இனிமே இது ஓடாதுல்ல?"

"எந்தக் கம்பியை?"

"அதோ... அந்தப் பெட்டியிலேர்ந்து சாவிக்கு வருதே, அந்த ஒத்தைக் கம்பி. லிஃப்ட்ல அப்படித்தான். எங்கே ஒரு கம்பி அறுந்தாலும் லிஃப்ட் அப்படியே நின்னுடும். அதான் பாதுகாப்பு. இதுவும் மெஷின்தானே?"

சிஸ்டரின் கையிலிருந்த இரும்புக் கம்பி மெல்லக் கீழே இறங்கியது.

லிஃப்ட்டில் கம்பி அறுந்தால் நிற்கும். நிற்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. வானத்தில் நின்றால் எப்படிப் பாதுகாப்பு? அதனால் மேக்னெட்டோவைச் செய்தவன் கணக்கையே தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறான். கம்பி இரும்பைத் தொட்டால்தான் பொறி சாகும். கம்பியை அறுத்துவிட்டால்... அதை அணைக்க ஆளே கிடையாது! சாவி ஆஃபில் இருந்தாலும் சரி, யார் பையில் இருந்தாலும் சரி, ப்ரொப்பெல்லரைத் திருப்பினால் பொறி வரும்.

தோலைச் சீவியவனுக்கு இது அத்துபடி. அதனால்தான் அறுக்காமல் சீவினான்.

அறுத்தவருக்கோ அரிச்சுவடியே தெரியாது!

"நீங்க இல்லை..." என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சத்தியமா நீங்க இல்லைங்க! உங்களுக்கு அவ்வளவு அறிவு கிடையாது!"

"திட்டறியா, பாராட்டறியா?"

"உச்சி குளிர்ந்து சொல்றேன்."

மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். 'இன்னொரு தடவை கார்புரேட்டரைப் பாரு' என்ற ஆள். இனிமே விக்காது என்று வாக்குக் கொடுத்து அண்ணனை ஏற்றி அனுப்பிய ஆள். பாடையைத் தோளில் சுமந்து, எல்லோரையும்விடச் சத்தமாக அழுத ஆள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பவே போலீஸ்ல சொல்லிடலாம், வா" என்றார் கணவர், அவள் விஷயத்தைச் சொன்னதும்.

"சொன்னா? பிளேடு தடமா, எலிக்குப் புதுப் பல்லான்னு சிரிப்பாரு அந்த இன்ஸ்பெக்டர்."

"அப்ப என்ன பண்றது?"

அவள் எஞ்சினைப் பார்த்தாள். அறுந்து தொங்கிய கம்பியைப் பார்த்தாள். இரண்டு முனையையும் சேர்த்து முறுக்க அரை நிமிஷம் போதும். அவள் முறுக்கவில்லை. எஞ்சினின் மேல் மூடியை எடுத்து மாட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கினாள்.

"என்னங்க, நீங்க இன்ஸ்பெக்டரைப் போய்க் கூட்டிட்டு வாங்க."

"இப்பவா?"

"ஆமா. ஆனா, கொஞ்சம் மெதுவா வாங்க."

அவர் போனதும் கேப்டனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். எஞ்சினைப் பிரிச்சுக் காட்டணும். இன்னிக்கு எனக்கு ட்யூட்டி. ஷெட்டைப் பூட்டாம வந்துட்டேன். அந்தப் பக்கம் போனீங்கன்னா கொஞ்சம் பூட்டிடறீங்களா?"

"அதுக்கென்னம்மா... நான் பார்த்துக்கறேன்."

குரலில் தேன் வழிந்தது. சிஸ்டர் போனை வைத்துவிட்டு, எஞ்சின் சாவியைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினாள். பெட்ரோல் குழாயைத் திறந்தாள். பம்ப்பை இரண்டு தரம் அமுக்கி எஞ்சினுக்கு வயிறு நனைத்தாள். ப்ரொப்பெல்லரைத் தொடவில்லை. அது செங்குத்தாக நின்றிருந்தது. அப்படி நின்றால், சீவிய இடத்தை மறைக்கிற அடி மூடியைக் கழற்ற முடியாது. கழற்ற நினைப்பவன் அதைப் பிடித்துப் படுக்கையாகத் திருப்பியே ஆகவேண்டும்!

பிறகு இறக்கைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்தாள்.

*

வெயில் சாய்வதற்குள் வந்துவிட்டார் கேப்டன்.

பூட்டுவதற்கு வந்தவர் கையில் பூட்டு இல்லை. புதுக் கம்பிச் சுருள் ஒன்றும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தன!

நேராக ஆணியிடம் போனார். சாவியை எடுத்தார். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டியும் பார்த்துக்கொண்டார். கிளப்பில் அவர் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்த பாடம் அது. சாவி யார் பையிலோ, அவன்தான் ப்ரொப்பெல்லரில் கை வைக்கலாம்.

கையைத் தூக்கினார்.

"தொடாதீங்கண்ணே."

கேப்டன் தூக்கிவாரிப் போடத் திரும்பினார். துணி மூட்டைகளுக்கு நடுவே சிஸ்டர் நின்றிருந்தாள்.

"நீ... ட்யூட்டின்னு சொன்னியே!"

"இதுவும் ட்யூட்டிதான். பூட்ட வந்தீங்களா?"

"அது... நாளைக்கு போலீஸ் முன்னாடி நீ அவமானப்படக் கூடாதேன்னு, ஒரு தடவை நானே பார்த்துடலாம்னு வந்தேன்."

"புதுக் கம்பி எதுக்கு?"

கேப்டன் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

"பழைய கம்பியெல்லாம் மாத்தறது நல்லது தங்கச்சி. நீ வீட்டுக்குப் போ. மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ப்ரொப்பெல்லரைத் தொடாதீங்க. பொறி இருக்கு. திருப்பினா ஓடும்."

"சாவி என் பையில இருக்கு!" பையைத் தட்டினார். "எனக்கே பாடமா? நான் வானத்துல இருந்தப்ப நீ பாவாடை கட்டிட்டிருந்தே."

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

சொன்னது நிஜம். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னாள். நாளைக்கு மனசாட்சி வந்து கதவைத் தட்டினால் காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

கேப்டன் வலது கையால் ப்ரொப்பெல்லரைப் பிடித்து அலட்சியமாகக் கீழே இழுத்தார்.

எஞ்சின் உறுமியது!

அதற்கு மேலே கேட்டது கேப்டனின் அலறல்!

சிஸ்டர் ஓடிப்போய்ப் பெட்ரோல் குழாயை மூடினாள். எஞ்சின் இருமி, தள்ளாடி, நின்றது. கேப்டன் தரையில் கிடந்தார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"கட்டு... கட்டும்மா... தங்கச்சி!"

சிஸ்டர் யூனிஃபார்ம் பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற பட்டை. அதைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் தலைமாட்டில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"சொல்லு."

'அண்ணே'வும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை.

"என்ன... என்னத்தைச் சொல்ல?"

"கம்பியைச் சீவினது யாரு?"

"எனக்குத் தெரியாது! உயிர் போகுது! நீ நர்ஸ் இல்லையா? மனுஷியா நீ?"

"நர்ஸ்தான். அதான் சொல்றேன், இந்த வேகத்துல ரத்தம் போனா உனக்கு நேரம் அதிகம் இல்லை. மேலே போய் எஞ்சின் நின்னதும் எங்கண்ணனுக்கும் இவ்வளவு நேரம்தான் இருந்திருக்கும். அவன் யாரைக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாது. நீ என்னைக் கூப்பிடறே. நான் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்."

கேப்டனின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"நான்தான்... நான்தான் சீவினேன்!"

"ஏன்?"

"உங்கண்ணன்தான் என்னைக் கிளப்புல போட்டுக் கொடுத்தான். குடிச்சுட்டுப் பாடம் நடத்தறேன்னு... என் லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. கண்ணு தெரியலைன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வானத்தைப் பார்க்கவே கூசுச்சு. அவன் மட்டும் சொந்தமா செஞ்சு பறப்பானா? என் கண்ணு முன்னாலயே?"

"நண்பன்னு கூடவே இருந்தியே!"

"கூட இருந்தாத்தானே கை வைக்க முடியும்? பிளேடால சீவி, ரப்பரைப் பிளந்து... அவன் பயந்து பயந்து சாகணும்னுதான் விட்டு விட்டு நிக்கிற மாதிரி வெச்சேன். சொல்லிட்டேன்ல? கட்டு! கட்டுடீ!"

சிஸ்டர் அசையவில்லை.

பட்டை கையில் இருந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டத் தோன்றவில்லை. நீல நாடாவும் மஞ்சள் நாடாவும் கண்ணுக்குள் வந்து நின்றன. பயந்து பயந்து செத்தானாமே! தரையில் ரத்தம் ஓடி அவள் செருப்பைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. அவளுக்கு அது வேண்டும் என்று இருந்தது. நெஞ்சு முழுக்க வேண்டும் என்று இருந்தது.

கேப்டனின் கண்கள் மேலே செருகின.

"ச்சே!" என்றாள்.

பட்டையை இழுத்து, முழங்கைக்குக் கீழே கொடுத்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி முறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது. கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"இரக்கப்பட்டுக் கட்டினேன்னு நினைச்சுடாதே" என்றாள். "செத்தா நொடியில தப்பிச்சுடுவே. நீ இருக்கணும். ஜெயில்ல உட்கார்ந்து, மேலே விமானம் போற சத்தத்தை தினமும் கேக்கணும். கிழவனாகிற வரைக்கும் கேக்கணும்."

கேப்டன் அழ ஆரம்பித்தார். பாடையைச் சுமந்தபோது அழுததைவிடச் சத்தம் குறைவுதான். ஆனால் இது நிஜ அழுகை.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டரும் கணவரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

கணவர் ரத்தத்தைப் பார்த்தார். ப்ரொப்பெல்லரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்னம்மா இது? நான்தான் கம்பியை அறுத்துட்டேனே... எஞ்சின் எப்படி ஓடுச்சு?"

"நீங்க அறுத்ததாலதாங்க ஓடுச்சு."

"என்னது?"

"லிஃப்ட்டோட நிறுத்திக்குங்க. இனிமே எந்தக் கம்பியையும் அறுக்காதீங்க."

அவர் பக்கத்திலிருந்த டிரம்மின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

சிஸ்டர் போனில் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் கேட்டார். புதுக் கம்பிச் சுருளைப் பார்த்தார். கேப்டனின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கம்மா. உங்களை நான் சாதாரணமா நினைச்சுட்டேன். கையும் களவுமா பிடிச்சுட்டீங்களே!"

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே, மூலையிலிருந்த பெயின்ட் டப்பாக்களைக் காட்டினாள்.

"களவு இந்த போன்ல இருக்கு சார்... கையை மட்டும் அங்கே எங்கேயாவது தேடி எடுத்துக்குங்க!"